அம்மாவின் இரண்டு எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டுகள்: குறைந்தது எலும்பா, எண்ணா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை முதல் முறை எடுத்தபோது முதுகெலும்பின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண், மைனஸில் இறங்க இறங்க அடர்த்தி குறைவு) −2.1 வந்தது, “ஆஸ்டியோபீனியா”, அதாவது அடர்த்தி ஓரளவு குறைவு, என்று எழுதிக் கொடுத்தார்கள். 14 மாதம் கழித்து வேறொரு இடத்தில் எடுத்தபோது −2.6, இந்த முறை “ஆஸ்டியோபோரோசிஸ்”, அதாவது எலும்பு மெலிவு நோய். நடுவில் ஒரு முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் சிறிய மெஷினில் “நார்மல்” என்று வந்தது. போதாக்குறைக்கு, சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த வயிற்று சிடி ஸ்கேன் ஒன்றும் கையில் இருக்கிறது. இதில் எதை நம்புவது, திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி இதற்கு உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன்: 14 மாதத்தில் அம்மாவின் எலும்பு இவ்வளவு கரைந்துவிட்டதா? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு டி-ஸ்கோரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எலும்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. குறையவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் இருக்கும் தாள்களிலும் படங்களிலும் இன்னும் நிறையத் தகவல் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நான் டாக்டர் இல்லை. மருத்துவ இயற்பியல் படித்து, ஸ்கேன் இயந்திரங்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறவன். அளவு எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே பிசகும் என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மருந்து தொடங்கலாமா, எந்த மருந்து என்பதெல்லாம் அம்மாவை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

டெக்ஸா என்பதும் எக்ஸ்ரேதான். இரண்டு வெவ்வேறு ஆற்றலில் கதிரை அனுப்புகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எலும்பில் இருக்கும் கால்சியம், சதையில் இருக்கும் கார்பன், ஆக்சிஜனைவிடக் கனமான அணு. குறைந்த ஆற்றல் கதிரை அது மிக அதிகமாக விழுங்கும். ஆற்றல் கூடும்போது எலும்புக்கும் சதைக்கும் உள்ள அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். ஒரே இடத்தை இரண்டு ஆற்றலிலும் அளந்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து எலும்புத் தாது எவ்வளவு, சதை எவ்வளவு என்று பிரித்துவிடலாம். 1963-ல் கேமரூன், சோரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒற்றை ஆற்றல் கதிரை வைத்துக் கை எலும்பை அளந்து காட்டியதிலிருந்து வந்த வழி இது. அப்போது கதிரியக்க ஐசோடோப்புகள்தான் கதிருக்கு மூலம். 1980-களின் கடைசியில் அந்த இடத்துக்கு எக்ஸ்ரே குழாய் வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் டெக்ஸா மெஷின் உருவானது.

ரிப்போர்ட்டில் அடர்த்தி என்று போட்டிருப்பது கன அளவுக்கான அடர்த்தி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். படத்தில் எலும்பு விழும் பரப்பில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது இருக்கிறது என்ற கணக்கு அது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றும், இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ளது ஒன்றும் ஒரே பொருளால் ஆனவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் கதிர் இரண்டு மடங்கு தடிமனைக் கடக்க வேண்டும். ஆகவே டெக்ஸா அதற்கு இரண்டு மடங்கு அடர்த்தி காட்டும். பெரிய உடம்புக்காரர்களுக்கு எண் கொஞ்சம் கூடுதலாகவும், சிறிய உடம்புக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவும் வருவதற்கு இது ஒரு காரணம். அம்மா குட்டையான, ஒல்லியான உடல்வாகு என்றால் −2.6 என்ற எண் நிலைமையைச் சற்று மிகைப்படுத்திக் காட்டக்கூடும். ஆனால் ஒரே ஆளின் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது இது பெரிதாகக் குறுக்கே வராது. உங்கள் விஷயத்தில் குறுக்கே வருவது வேறு.

இரண்டு ஸ்கேனும் வேறு வேறு இடத்தில் எடுத்தவை. டெக்ஸாவில் இது பெரிய விஷயம். ஹோலாஜிக், ஜிஇ லூனார் என்று இரண்டு பெரிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஹோலாஜிக் மெஷின் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி இரண்டு ஆற்றல்களை உண்டாக்குகிறது. லூனார் மெஷின் ஒரே மின்னழுத்தத்தில் ஓட, வடிகட்டி ஒன்றை வைத்துக் கதிரை இரண்டு கூறாகப் பிரிக்கிறார்கள். எலும்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கும் மென்பொருளும் வேறு. அதே முதுகெலும்பை இரண்டிலும் அளந்தால் லூனாரில் வரும் கிராம் கணக்கு ஹோலாஜிக்கைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருக்கும். டி-ஸ்கோரில் இவ்வளவு வித்தியாசம் வராது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் அளந்த இளம் வயதினரோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் முதுகெலும்புக்கு இருவரும் வைத்திருக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றல்ல. மெஷினை மாற்றியதாலேயே டி-ஸ்கோர் சில பத்தில் ஒரு பங்குகள் நகர்வது சாதாரணம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும்கூட, இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்காதவரை இதில் வந்த எண்ணை அதில் வந்த எண்ணோடு கழித்துப் பார்க்கக் கூடாது. உங்கள் ரிப்போர்ட் தாளில் மெஷினின் பெயரும் மாடலும் எழுதியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சரி, ஒரே மெஷினில் எடுத்திருந்தால்? அப்போதும் ஒரு எல்லை உண்டு. அம்மாவைப் படுக்கவைத்து ஒரு ஸ்கேன் எடுத்து, எழுப்பி நிற்கவைத்து, மறுபடி படுக்கவைத்து உடனே இன்னொன்று எடுத்தாலும் இரண்டு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக வராது. உடம்பு கொஞ்சம் திரும்பியிருக்கும், விளிம்புக் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். இந்தத் தள்ளாட்டம் எவ்வளவு என்று ஒவ்வொரு மையமும் தன் டெக்னீஷியனை வைத்து, 30 பேரை இரண்டிரண்டு முறை ஸ்கேன் எடுத்துக் கணக்கிட வேண்டும். அந்தப் பிழையை 2.77-ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்த மையத்தில் நம்பத்தகுந்த மிகக் குறைந்த மாற்றம். எலும்பு அடர்த்தி அளப்பவர்களின் சர்வதேச சங்கம், பிழை முதுகெலும்பில் 1.9 சதவீதத்தையும், முழு இடுப்பில் 1.8 சதவீதத்தையும், தொடை எலும்பின் கழுத்தில் 2.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. பெருக்கிப் பார்த்தால் முறையே 5.3, 5.0, 6.9 சதவீதம். கவனமாக வேலை செய்யும் மையங்களில் இதைவிட நன்றாகவே வரும். ஆனால் மூன்று சதவீதம் ஏறியது, இரண்டு சதவீதம் இறங்கியது என்று சந்தோஷப்படுவதும் கலங்குவதும் பெரும்பாலும் வீண்.

உங்கள் அம்மாவின் −2.1-க்கும் −2.6-க்கும் உள்ள இடைவெளியைக் கிராமுக்கு மாற்றினால் தோராயமாக 6 அல்லது 7 சதவீதம் வரும். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒரே மெஷினில், ஒரே மாதிரி எடுத்து இது வந்திருந்தால் உண்மையான இழப்பு என்றுதான் எடுத்துக்கொள்வேன். மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில் முதுகெலும்பு வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் வரை இழப்பது வழக்கம். 63 வயதில் பொதுவாக வேகம் அதைவிடக் குறைந்திருக்கும். ஆகவே 14 மாதத்தில் 7 சதவீதம் என்றால், ஒன்று அளவில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது இழப்பை வேகப்படுத்தும் காரணம் ஒன்று உடம்பில் இருக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் அளவின் மேல்தான். அதற்காக இரண்டாவதைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது படத்தை எடுத்து வையுங்கள். பலர் டி-ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம், ஏனென்றால் தவறு நடந்திருந்தால் அது பெரும்பாலும் படத்தில்தான் தெரியும். முதுகெலும்புப் படத்தில் கீழ்முதுகின் எல்1 முதல் எல்4 வரை நான்கு முள்ளெலும்புகளைக் குறுக்குக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். பக்கத்து அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் பரப்பு, தாதுவின் எடை, அடர்த்தி, டி-ஸ்கோர் இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டிலும் அதே நான்கு எலும்புகள்தானா என்று பாருங்கள். எண்ணிடுவதில் தவறு நடப்பது அபூர்வம் இல்லை. கடைசி விலா எலும்பு ஒட்டியிருப்பது பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எல்4-க்கும் எல்5-க்கும் நடுவே வரும். இந்த இரண்டு அடையாளங்களை வைத்துத்தான் எண்ணிடுகிறார்கள். சிலருக்குக் கடைசி விலா மிகச் சிறியதாக இருக்கும், சிலருக்கு இடுப்புப் பகுதியில் ஐந்துக்குப் பதில் ஆறு முள்ளெலும்புகள் இருக்கும். அப்போது ஒருவர் எல்1 என்று போட்டதை இன்னொருவர் எல்2 என்று போட்டுவிடுவார். பொதுவாக எல்1-லிருந்து எல்3 வரை கீழே போகப் போக அடர்த்தியும் பரப்பும் கூடும். ஒரு எலும்பு மேலே தள்ளி எண்ணிவிட்டால், எலும்பில் எதுவும் ஆகாமலேயே சராசரி இறங்கிவிடும்.

அதேபோல, “எல்1–எல்4” என்று ஒரு ரிப்போர்ட்டிலும் “எல்1–எல்3” என்று இன்னொன்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முள்ளெலும்பின் டி-ஸ்கோர் பக்கத்து எலும்பைவிட 1-க்கு மேல் விலகியிருந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்குவது சரியான நடைமுறைதான், குறைந்தது இரண்டு எலும்புகள் மிஞ்ச வேண்டும். ஒரு மையம் நீக்கி, இன்னொன்று நீக்காமல் விட்டிருந்தால் இரண்டு சராசரிகளும் வேறு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முள்ளெலும்பின் ஓரங்களில் எலும்பு முளைகள் வந்திருப்பது மிகவும் சகஜம். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். கதிர் உடம்பின் முன்னுக்கும் பின்னுக்குமாகப் போவதால் இவை எல்லாம் எலும்புக் கணக்கில் சேர்ந்துவிடும், எண் பொய்யாக உயரும். கரையாத கால்சியம் மாத்திரை வயிற்றில் இருந்தாலும், சில நாள் முன்பு பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் இதே கதை. ஆகவே முதல் ரிப்போர்ட்டின் −2.1 கொஞ்சம் பொய்யாக உயர்ந்ததாக இருந்து, இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு. நல்ல செய்தியை நம்பி மோசமானதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் இடுப்பின் எண்ணை எழுதவே இல்லை. இரண்டு இடத்திலும் எடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். முழு இடுப்பு, தொடை எலும்பின் கழுத்து என்று இரண்டு வரிகள் இருக்கும். வயதானவர்களின் முதுகெலும்பில் வரும் பொய் ஏற்றங்கள் இடுப்பில் அவ்வளவாக வராது. இடுப்பின் டி-ஸ்கோருக்கு ஒப்பீட்டுப் பட்டியலும் ஒன்றுதான்: அமெரிக்காவில் என்ஹேன்ஸ் மூன்று என்ற கணக்கெடுப்பில் அளந்த 20 முதல் 29 வயது வெள்ளைக்காரப் பெண்கள். இரண்டு கம்பெனிகளும் அதையே பயன்படுத்துவதால் மெஷின் மாறினாலும் இடுப்பின் டி-ஸ்கோர் ஓரளவு ஒத்துப்போகும். இடுப்பில் இரண்டு ரிப்போர்ட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து முதுகெலும்பு மட்டும் இறங்கியிருந்தால், அளவுக் கோளாறு என்ற என் சந்தேகம் வலுக்கும். இடுப்பிலும் அதே அளவு இறங்கியிருந்தால் விஷயத்தைக் கவனமாக எடுத்துக்கொள்வேன். இடுப்பிலும் ஒரு பிசகு உண்டு. காலை உள்பக்கமாகத் திருப்பி, பாதத்தைக் கட்டையில் கட்டித்தான் எடுக்க வேண்டும். சரியாகத் திருப்பாவிட்டால் தொடை எலும்பின் கழுத்து படத்தில் குறுகி, அடர்த்தி கூடியதாகத் தெரியும். தொடை எலும்பின் உள்பக்கம் இருக்கும் சிறு புடைப்பு படத்தில் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் சரியாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். இரண்டு படத்தையும் அருகில் வைத்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ரிப்போர்ட்டின் அடியில் எந்த மக்களோடு ஒப்பிட்டார்கள் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். சில மையங்கள் வேறு இனத்தவர் பட்டியலைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கின்றன. பட்டியல் மாறினால் எலும்பு அப்படியே இருக்க டி-ஸ்கோர் மாறும். அதனால்தான் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது டி-ஸ்கோரை விட்டுவிட்டுக் கிராம் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம், அதுவும் ஒரே மெஷினாக இருந்தால் மட்டும். ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்வதற்கான −2.5 என்ற கோட்டை 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வரைந்தது. மக்கள் தொகையில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று எண்ணுவதற்கு ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டார்கள். எலும்பு அந்த இடத்தில் திடீரென்று வேறாக மாறுவதில்லை. −2.4-க்கும் −2.6-க்கும் முறிவு ஆபத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. ரிப்போர்ட்டில் மாறிய அந்த ஒற்றை வார்த்தைதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது மெதுவாகச் சரியும் ஒரு சரிவு.

குதிகால் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. அது அல்ட்ராசவுண்டு. ஒலி அலை குதிகால் எலும்பை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது, எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறது. கதிர்வீச்சு இல்லை, தூக்கிக்கொண்டு போகலாம், வயதான பெண்களில் முறிவு ஆபத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லவும் செய்யும். ஆனால் அதுவும் டி-ஸ்கோர் என்ற பெயரிலேயே ஒரு எண்ணை அச்சடிப்பதால்தான் குழப்பம் வருகிறது. −2.5 என்ற கோடு டெக்ஸாவுக்கு வகுத்தது, குதிகாலுக்குப் பொருந்தாது. முகாமில் நார்மல் என்று வந்ததை வைத்து டெக்ஸாவைத் தள்ளிவிட முடியாது. காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் கண்காணிக்கவும் அது உதவாது.

சிடி ஸ்கேன் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய பொருள் உங்கள் கையில் இருக்கிறது. எலும்பு அடர்த்திக்கென்றே சிடி எடுக்கும் முறை ஒன்று உண்டு. அடர்த்தி தெரிந்த மாதிரிப் பொருளைச் சேர்த்து ஸ்கேன் செய்து, முள்ளெலும்பின் நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற எலும்பை மட்டும் கன சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். 120-க்குக் கீழே வந்தால் குறைவு, 80-க்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். ஓரத்து முளைகளும் தமனிச் சுண்ணாம்பும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் அம்மாவுக்கு எடுத்தது கல்லுக்கான சாதாரண சிடி. அதிலும் ஒரு வழி இருக்கிறது. எல்1 முள்ளெலும்பின் நடுவே ஒரு வட்டம் போட்டு அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை (அந்த இடம் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று சிடி காட்டும் எண்) படிக்கலாம். 2013-ல் பிக்ஹார்ட் என்ற ரேடியாலஜிஸ்டின் குழுவினர் டெக்ஸாவும் சிடியும் எடுத்தவர்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்விலிருந்து இது பரவியது. எண் 160-க்கு மேல் இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கும் வாய்ப்பு குறைவு, 110 அல்லது அதற்குக் கீழே என்றால் வாய்ப்பு அதிகம், நடுவில் இருந்தால் தீர்ப்புச் சொல்லாது. குழாயின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டாக இருக்க வேண்டும், மாறினால் எண்ணும் மாறும். நரம்பில் சாய மருந்து ஏற்றியிருந்தாலும் எண் உயரும். கல்லுக்கான சிடியைப் பெரும்பாலும் மருந்து ஏற்றாமல்தான் எடுப்பார்கள், அது நமக்குச் சாதகம்.

ஆனால் அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. சிடி படங்களைப் பக்கவாட்டு வெட்டாக மாற்றிப் பார்த்தால், முள்ளெலும்பு ஏதாவது ஏற்கெனவே நசுங்கியிருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் டாக்டர் கவனத்துக்கே வருகிறது, மற்றவை முதுகுவலி என்றோ வயது என்றோ கழிந்துவிடுகின்றன. ஒரு முள்ளெலும்பின் உயரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தாலே முறிவு என்று கணக்கு. கீழே விழாமலேயே அப்படி ஒரு எலும்பு நசுங்கியிருந்தால் டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அடுத்த முறிவின் ஆபத்து வெகுவாகக் கூடிவிட்டது என்று பொருள். கொடுமை என்னவென்றால், நசுங்கிய எலும்பில் அதே தாது சிறிய பரப்புக்குள் அடைந்துகிடப்பதால் டெக்ஸாவில் அது அடர்த்தியான நல்ல எலும்பாகத் தெரியும். கல்லைத் தேடிய ரேடியாலஜிஸ்ட் முதுகெலும்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டிருக்கலாம். சிடி குறுந்தகட்டைக் கொண்டுபோய், “முள்ளெலும்புகளின் உயரத்தையும் எல்1 எண்ணையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். புதிதாகக் கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை.

அடர்த்தி கூடினால் எலும்பு பலமாகிவிடும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். 1990-ல் வெளியான ஒரு மருந்துச் சோதனையில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சோடியம் ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வருடத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடிவிட்டது. எலும்பு நிறைய இருந்தது, அதன் தரம் கெட்டிருந்தது. இன்னொரு பக்கம், எலும்பு முறிந்து வருகிறவர்களில் பெரும்பாலானோரின் டி-ஸ்கோர் −2.5-க்கு மேலேதான் இருக்கிறது, அந்த வகையில் மக்கள் அதிகம் என்பதால். அதனால்தான் 2008-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிராக்ஸ் என்ற கணக்கு வந்தது. வயது, எடை, முன்பு முறிவு உண்டா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் ஆகியவற்றோடு தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தியையும் சேர்த்து அடுத்த பத்து வருடத்துக்கான முறிவு வாய்ப்பைச் சொல்லும். அடிக்கடி கீழே விழுகிறாரா என்பதை அது கேட்பதில்லை. அம்மாவுக்குத் தலைசுற்றலோ தடுமாற்றமோ இருந்தால் நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றிய கவலை வேண்டாம். முதுகெலும்பும் இடுப்பும் சேர்ந்த ஒரு டெக்ஸாவில் கிடைப்பது சில மைக்ரோசீவர்ட்டுகள்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்குத் தினமும் 6 அல்லது 7 மைக்ரோசீவர்ட் எப்படியும் வந்துகொண்டிருக்கிறது. அதற்காக மாதாமாதம் எடுக்கத் தேவையில்லை. இரண்டாவது மையத்தின் மெஷின் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அதையே புதிய தொடக்கமாக வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்கேனை டாக்டர் சொல்லும்போது, பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வருடத்தில், அங்கேயே எடுங்கள். போகும்போது அவர்களுடைய மிகக் குறைந்த நம்பகமான மாற்றம் எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூடிய மையம் தன் வேலையைக் கவனமாகச் செய்கிறது என்று நம்பலாம்.

கடைசியாக, இழப்பு உண்மை என்றே வைத்துக்கொண்டால் காரணம் தேட வேண்டும். பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், எலும்புக்காகப் போடும் டெனோசுமாப் ஊசியைப் போட்டுவிட்டு நிறுத்துவது எல்லாம் எலும்பை வேகமாகக் கரைக்கக்கூடியவை. கடுமையான வைட்டமின் டி குறைபாட்டில் எலும்பில் தாது படியாமலே போகும். டெக்ஸா தாதுவை மட்டும் எண்ணுவதால் அதையும் ஆஸ்டியோபோரோசிஸ் போலவே காட்டும், சிகிச்சையோ வேறு. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது ஒரு சின்ன விவரம்: சிறுநீரகக் கல். கல்லும் எலும்பு அடர்த்திக் குறைவும் ஒரே ஆளிடம் இருந்தால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடும், சிறுநீரில் கால்சியம் கூடிக் கல்லாகும். கல் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதில்லை, அம்மாவுக்கும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதுவரை பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும் சிடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் இதைக் கேளுங்கள். அந்தச் சோதனையில் சந்தேகம் வந்தால், டெக்ஸா மெஷினிலேயே முன்கை எலும்பையும் அளக்கச் சொல்வார்கள். பாராதைராய்டு கோளாறில் முன்கையின் கெட்டியான எலும்புதான் அதிகம் அடிபடும், முதுகெலும்பையும் இடுப்பையும் மட்டும் பார்த்தால் அது தெரியாமலே போய்விடும்.